வெற்றியின் நிறை

1904ஆம் ஆண்டு தொடங்கிய ‘வடக்கின் பெருஞ்சமர்’ எனும் துடுப்பாட்டத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் நேரிற் பொருதுகின்றன. ஆதலின் அவ்விரண்டின் வலிமையை ஒப்பிடுதல் எளிது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் முதற்பிரிவிலோ 350க்கு மேற்பட்ட அணிகள் உள. ஓரணி ஒரு பருவத்தில் ஆடுவன ஏறக்குறைய 30 ஆட்டங்களே. ஆகவே, மெலியாரையே வென்ற அணி, வலியாரோடு பொருது சில தோல்வியுற்ற அணியை வெற்றித் தொகையால் முந்திவிடலாம்.

இக்குறையை நீக்க, 1981 முதல் 2018 வரை ஆடவர் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தெரிவதில் ஒரு சுட்டெண் துணையாயிற்று. அதில் அணியின் சொந்த வெற்றி விகிதத்திற்குக் காற்பங்கும், எதிரணிகளின் விகிதத்திற்கு அரைப்பங்கும், அவ்வெதிரணிகள் சந்தித்த அணிகளின் விகிதத்திற்கு எஞ்சிய காற்பங்கும் அளிக்கப்பட்டன. தொகை ஒன்றே அளவாயின், வலியாரை எதிர்க்க எவ்வணியும் தயங்கும். ஆட்டத்தின் தரமும் தாழும்.