அறைக்குள் அடங்கும் டிரம்ஸ்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் டிரம்ஸ் பழகத் தொடங்கினால், அண்டை வீட்டாரின் பொறுமை எத்தனை நாள் தாங்கும்? வழக்கமான டிரம்ஸைப் பதிவு செய்வதும் எளிதன்று. பல மைக்குகள் வேண்டும். எதிரொலி அடங்கிய, வெளிச்சத்தம் புகாத அறை வேண்டும். மின்னணு டிரம்ஸ் இருந்தால் சிறிய அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். அதற்கு அக்கருவி வேலை செய்யும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அடி எண்ணாகிறது

மின்னணு டிரம்ஸின் பேட்டில் குச்சியால் தட்டினால் 'டப்' என்ற மெல்லிய ஓசைதான் கேட்கும். பேட்டின் உள்ளே ஒரு சிறு பீங்கான் வில்லை இருக்கிறது. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-ஆம் ஆண்டில் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். இதுவே அழுத்தமின் விளைவு. அடி பட்டதும் வில்லை அதிர்ந்து ஒரு மின்துடிப்பைத் தருகிறது. அடி வலுத்தால் துடிப்பும் வலுக்கும். 'மாட்யூல்' என்னும் பெட்டி அத்துடிப்பை அளந்து, 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றி, தன் நினைவகத்திலுள்ள டிரம் ஒலியை அதற்கேற்ப ஒலிக்கச் செய்கிறது.

பதிவு செய்ய இரு வழிகள்

மாட்யூலிலிருந்து வெளிவரும் ஒலியை, ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற இடைக்கருவி வழியாகக் கணிப்பொறியில் பதிவு செய்வது முதல் வழி. மிக ஓங்கி அடிக்கும்போதும் அளவுமானியின் முள் உச்சவரம்பைத் தொடாமல், சுமார் 10 டெசிபெல் கீழே நிற்கட்டும். வரம்பை மீறினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, ஒலி கரகரக்கும்.

இரண்டாவது வழி 'மிடி'. இது 1983-இல் அறிமுகமான, மின்னணு இசைக்கருவிகளின் பொதுமொழி. எந்த டிரம், எவ்வளவு வலு என்ற செய்தி மட்டுமே இதில் செல்கிறது. செய்தி வந்த நேரத்தைக் கணிப்பொறி குறித்துக்கொள்கிறது. இது பாட்டைப் பதிவு செய்வதன்று. பாட்டின் ஸ்வரக் குறிப்பை எழுதிவைப்பது போன்றது. ஆகவே ஓரடி தவறினால் அதை மட்டும் திருத்தலாம். டிரம்ஸின் ஒலியையே பின்னர் மாற்றலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது நல்லது.

தாமதம் என்னும் இடையூறு

மிடிக் கம்பியில் நொடிக்கு 31,250 பிட்கள் செல்கின்றன. ஓர் அடியின் செய்தி ஒரு மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். தாமதம் பெரும்பாலும் கணிப்பொறியில்தான் நேர்கிறது. அது நொடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியைக் கையாள்கிறது. அம்மாதிரிகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்தே அனுப்புகிறது. தொகுதிக்கு 256 மாதிரிகள் என்றால் தாமதம் சுமார் 6 மில்லிநொடி. 1024 என்றால் 23 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறத்தாழ 8 மீட்டர் சென்றுவிடும். எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் டிரம்ஸை வாசிப்பது போல இருந்தால் தாளம் தடுமாறாதா? எனவே பதிவின்போது தொகுதியைச் சிறிதாக வையுங்கள். அல்லது மாட்யூலிலேயே ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். ஒலியை மட்டும் அளவோடு வையுங்கள். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் கேட்பது காதுக்குக் கேடு. 88 டெசிபெல் என்றால் நான்கு மணி நேரமே வரம்பு.

தரை வழியே போகும் ஓசை

காற்றில் பரவும் ஓசை அடங்கிவிட்டது. ஆனால் காலால் மிதிக்கும் பெடலின் இடி தாங்கிகள் வழியே தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டின் கூரையை அதிரச் செய்யும். கம்பளம் விரித்தால் மட்டும் போதாது. தடித்த ஒட்டுப்பலகைகள் இரண்டை எடுத்து, கீழ்ப்பலகையில் துளைகள் இட்டு, அவற்றில் டென்னிஸ் பந்துகளை அமர்த்தி, மேற்பலகையை அவற்றின்மீது வையுங்கள். பந்துகள் வில்சுருள்களாகச் செயல்பட்டு, அதிர்வின் பெரும்பகுதியைத் தரைக்கு விடாமல் தடுக்கும். பாரம் எல்லாப் பந்துகளிலும் சமமாக விழ வேண்டும். மேடை சுவரைத் தொடக் கூடாது.

மேடை சரியாக அமைந்ததா என்பதை எப்படி அறிவது? நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டாரின் அனுமதியோடு அங்கே சென்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கூடத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியவர்கள் அவர்களே.