சித்திரையில் பார்த்த வீடு

பழைய வீட்டை விற்க நினைப்பவருக்குப் பங்குனியும் சித்திரையும் தோதான மாதங்கள். சுவரில் ஈரம் இருக்காது. மொட்டைமாடி சுடச்சுடக் காய்ந்து கிடக்கும். போதாததற்குப் புது பெயின்ட் வாசனை வேறு. பார்க்க வருபவர் ஹாலின் அகலத்தையும் அடுப்படியின் வாஸ்துவையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும். சித்திரையில் அட்வான்ஸ், ஆனியில் கிரயம், ஆவணியில் கிரகப்பிரவேசம் என்று போனால், எங்கெங்கே ஒழுகும் என்பது ஐப்பசியில்தான் தெரியவரும். அதற்குள் பணம் முழுதும் கைமாறியிருக்கும்.

அப்போது சட்டம் கைகொடுக்குமா? ஓரளவுக்கு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவில், விற்பவருக்கு ஒரு கடமையை வைத்திருக்கிறது. சொத்தில் பெரிய குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது மோசடி என்கிறது அதே பிரிவு. மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் வழக்குக்கான காலக்கெடு ஓடத் தொடங்கும்.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் தெரிந்த விரிசலைப் பற்றிப் பிறகு புகார் சொல்ல முடியாது. பார்க்கத் தவறியது வாங்குபவரின் பாடு. இரண்டாவது, இந்தக் கடமையெல்லாம் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில்தான். 'சொத்தை நேரில் பார்த்துத் திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி கிரயம் பெற்றுக்கொண்டேன்' என்கிற மாதிரி ஒரு வரி பல பத்திரங்களில் வழக்கமாகவே எழுதப்படுகிறது. யாரும் நிறுத்திப் படிக்காத வரி. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் விரல் வைக்கும் இடமும் அதுதான். அந்த வரி வேண்டாம் என்று சொல்வதற்கும், 'தளம் ஒழுகியதுண்டா, வெள்ளம் புகுந்ததுண்டா, எப்போது பழுது பார்த்தது?' என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதற்கும் அட்வான்ஸுக்கு முந்தைய வாரம்தான் நேரம்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்க வீட்டுக்காரரைவிடத் தெருமுனை மளிகைக் கடைக்காரர் மேல். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்பது தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கும். வங்கி கடன் கொடுத்துவிட்டதே, அவர்கள் இன்ஜினீயர் பார்த்துவிட்டாரே என்று நிம்மதியடைகிறவர்கள் உண்டு. அந்த இன்ஜினீயர் பார்ப்பது கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. குழந்தைகள் படுக்கும் அறைக் கூரை ஒழுகுமா என்பதை அல்ல. சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனியாக ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துப் போவது வேறு செலவு, வேறு பலன். முடிந்தால் ஒரு மழை நாளில்.

அந்தப் பொறியாளர் முதலில் ஏறிப் பார்ப்பது மாடியைத்தான். சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் 'மெட்ராஸ் டெரஸ்' தளம் உண்டு. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாக்கில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் மரப்பலகையால் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்த தளம். தலைமுறைகளைத் தாங்கும். ஆனால் தட்டோட்டின் இடுக்கில் நீர் இறங்கினால், சுவருக்குள் புதைந்த உத்தர முனைகள் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். ஒழுகுகிறது என்றதும் அதன் தலையில் சிமென்ட் கான்கிரீட்டைக் கொட்டி, மேலே கனத்த டைல்ஸ் ஒட்டுவது இப்போது அடிக்கடி நடக்கும் வைத்தியம். ஏற்கெனவே தளர்ந்த உத்தரத்துக்குக் கூடுதல் பாரம். உள்ளே இறங்கிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. நோயைவிட மருந்து மோசம்.

எழுபது, எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் வீடுகளின் கதை வேறு. கம்பிக்குக் கீழே கான்கிரீட் மூடாக்கு மெலிதாக விடப்பட்டிருந்தால், ஈரமும் காற்றும் கம்பியைத் தொட்டுவிடும். கடலோரமாக இருந்தால் உப்பும் சேரும். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கக்கூடியது. அந்த வீக்கம்தான் கூரையிலிருந்து காரையைத் தட்டு தட்டாகப் பெயர்த்துக் கட்டிலில் போடுகிறது. பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி மூடுவது துருவை உள்ளே வைத்துத் தைப்பது போல. தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதி கரைந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். விற்பனைக்கு வந்த பழைய வீட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் பளபளவென்று ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால், அதில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் சேர்த்துக் கணக்கில் வைக்க வேண்டும். மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். வேர் சுவருக்குள் போனபடியே இருக்கும்.

சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது என்றால் அது மழை வேலையல்ல, தரையிலிருந்து ஏறும் ஓதம். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூச்சும் அதன்மேல் 'டேம்ப் ப்ரூஃப்' பெயின்ட்டும் அடித்தால் ஈரம் இன்னும் ஓர் அடி உயரே ஏறி அங்கே உரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் மாற்றும் வீடுகள் பலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது போன்ற சில்லறைப் பழுது வேலைகளுக்குத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாடியில் ஓர் அறை எழுப்பினால், கட்டடப் பரப்பைக் கூட்டினால், வேண்டும். பழைய அஸ்திவாரம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பது அனுமதிக்கும் முந்தைய கேள்வி.

பணம் அதிகம் வீணாகும் இடம் வாட்டர் ப்ரூஃபிங். '10 ஆண்டு உத்தரவாதம்' என்று வாயால் சொல்லப்படும் உத்தரவாதம் யாருடையது? டப்பா தயாரித்த கம்பெனியுடையதா, தூரிகை பிடித்த கான்ட்ராக்டருடையதா? பொருளுக்கு மட்டும்தானா, வேலைக்கும் சேர்த்தா? லேபர் கான்ட்ராக்ட் என்றால் ஒழுகும்போது மேஸ்திரி பொருளைக் குறை சொல்வார், கடைக்காரர் மேஸ்திரியைச் சொல்வார். பொருளும் கூலியும் ஒரே கையில் இருப்பது இந்த வேலைக்கு நல்லது. எந்தப் பொருள், எத்தனை பூச்சு, தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டம், எத்தனை ஆண்டுப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து, ஜிஎஸ்டி பில், வங்கி வழியே பணம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் வடிகுழாய் வாயை அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டி ஒன்றிரண்டு நாள் நிறுத்திப் பார்ப்பது ஊரறிந்த சோதனை. முதலில் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உளுத்த உத்தரத் தளத்தில் இது கூடவே கூடாது.

அதன் பிறகும் ஒழுகினால், வீடு விற்ற தனிநபர் மீது போக வேண்டியது உரிமையியல் நீதிமன்றம். கான்ட்ராக்டர் செய்ததோ சேவை, அதனால் அவர் மீது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இணையவழியிலும் போடலாம், அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம். பலர் தோற்பது இங்கே ஒரு சின்ன அவசரத்தால்: கோபத்தில் வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் கொத்தி மறுபடி போட்டுவிடுகிறார்கள். பழைய வேலை மோசம் என்பதற்கான சாட்சி குப்பை லாரியில் போய்விடுகிறது. தேதியோடு படங்கள், பொறியாளரின் அறிக்கை, கான்ட்ராக்டருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், இவை முடிந்த பிறகு கொத்தலாம்.

வீடு கைக்கு வந்த பிறகு வாங்கியவரே பொறுப்பாளி ஆகும் விஷயங்களும் உண்டு. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து ஓட்டு வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். வீட்டு உரிமையாளர் கைது செய்யப்பட்டார். பழைய வீட்டோடு வந்த, சாய்ந்து நிற்கும், நீர் வெளியேறத் துளைகூட இல்லாத காம்பவுண்டு சுவருக்கு ஹாலின் டைல்ஸுக்கு முன்னால் பணம் ஒதுக்க இந்த ஒரு சம்பவம் போதும். விரிசலை மதிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அரசுக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்தபோது, விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை.

செப்டிக் டேங்க் இன்னொன்று. சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இந்தத் தடை மாநகராட்சிக்கு மட்டுமல்ல, தனி வீட்டுக்காரருக்கும்தான். லாரியை வரவழைப்பதே வழி.

முந்தையவர் வைத்துவிட்டுப் போன சொத்துவரி, குடிநீர் வரி பாக்கி கிரய நாள் வரை விற்பவருடையது என்று அதே 55-வது பிரிவு சொல்கிறது. மின் கட்டண பாக்கி அப்படிச் சுலபமில்லை. பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று விதியில் இருந்தால் மின் வாரியம் புது உரிமையாளரிடமும் அதைக் கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கடைசிப் பில்லைப் பார்க்காமல் சாவி வாங்கக் கூடாது. வீட்டுக் காப்பீடு புயலுக்கும் வெள்ளத்துக்கும் பதில் சொல்லும். நாள்பட்ட ஒழுகலுக்கும் ஓதத்துக்கும் சொல்லாது.

மாடி வேலை ஆடி, ஆவணி வெயிலில் முடிந்திருந்தால், ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குக் குடையோடு ஒரு தரம் மேலே ஏறிப் பார்க்கலாம். தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, வடிகுழாயில் இறங்குவது தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறதா, இல்லை எப்போதோ யாரோ திருப்பிவிட்ட சாக்கடைக்குப் போகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.