பாலர் பாடசாலையின் பயனை அளப்பது எங்ஙனம்?

வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கெனப் பாலர் பாடசாலையொன்று நிறுவப்படுகின்றது. ஓராண்டு கழிந்ததும் பிள்ளைகள் எழுத்தறிகின்றனர், எண்ணுகின்றனர், கூச்சமின்றிப் பேசுகின்றனர். பெற்றோரும் பொருளுதவியோரும் மகிழ்கின்றனர். ஆயினும், இம்மாற்றம் பாடசாலையினால் விளைந்ததா, அன்றிப் பிள்ளைக்கு ஒரு வயது கூடியமையால் விளைந்ததா? இவ்வினாவுக்கு விடை காணும்வரை பயன் இதுவெனத் துணிதல் இயலாது.

ஒத்த நிலையிலுள்ள பிள்ளைகளைத் திருவுளச்சீட்டு முறையால் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மாத்திரம் பாடசாலையிற் சேர்த்து, இரு பிரிவினரையும் நெடுங்காலம் கவனித்து வருதலே விடை காணும் வழியாகும். ஐக்கிய அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் 1962ஆம் ஆண்டு தொடங்கிய ‘பெரி’ பாலர் பாடசாலைத் திட்டம் ஏறத்தாழ இம்முறையையே கைக்கொண்டது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளுள் 58 பேர் பாடசாலைக்குச் சென்றனர். 65 பேர் செல்லவில்லை. ஆசிரியர் ஒருவருக்கு ஏறக்குறைய ஆறு பிள்ளைகளே இருந்தனர். அவ்வாசிரியர் வாரந்தோறும் பிள்ளையின் வீட்டுக்கும் சென்று தாயோடு அளவளாவினார்.

பாடசாலை சென்றோர் முதலில் நுண்ணறிவுச் சோதனைகளில் முந்தினர். எட்டு வயதை அடைந்தபோது அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அன்றே கணக்கை முடித்திருந்தால், செலவு வீணென்றே தீர்ப்பாகியிருக்கும். ஆய்வாளரோ அப்பிள்ளைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்தனர். பாடசாலை சென்றோருள் 65 வீதத்தினர் உயர்நிலைக் கல்வியை நிறைவு செய்திருந்தனர். செல்லாதோருள் 45 வீதத்தினரே. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானோர் முன்னவருள் 36 வீதம். பின்னவருள் 55 வீதம். சோதனைப் புள்ளி காட்டாத பயனை வாழ்க்கை காட்டிற்று.

எனினும், பாலர் பாடசாலை எத்தகையதாயினும் நன்மையே பயக்கும் என நேயர்கள் எண்ணிவிடலாகாது. அதே நாட்டில், தெனசி மாநில அரசின் பாலர் வகுப்புகளுக்கு இடங்களை மிஞ்சி விண்ணப்பங்கள் வந்தமையால், பிள்ளைகள் சீட்டு முறையில் தெரிவு செய்யப்பட்டனர். ஆராயப்பட்ட வறிய பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேர். இடம் பெற்றோர் முதலாண்டு முடிவில் முன்னின்றனர். ஆனால், 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, ஆறாம் வகுப்பில் அவர்களே பரீட்சைகளிற் பின்தங்கினர். ஒழுங்கு மீறல்களும் அவர்களிடையே கூடியிருந்தன.

இரண்டு இடத்திலும் முதலாண்டு அறிக்கை நற்செய்தியே கூறிற்று, முடிவோ நேர்மாறாயிற்று. தெனசியில் ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள்வரை இருந்தனர். அங்கு இடம் பெறாதோருட் சிலர் வேறு நிலையங்களில் பராமரிக்கப்பட்டனர். இப்சிலாண்டியில் இடம் பெறாதோர் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தனர். இவற்றுள் எது எவ்வளவு காரணமென்பது இன்னும் விவாதத்துக்குரியது. 123 பிள்ளைகளின் அனுபவத்தை எல்லாத் தேசங்களுக்கும் விதியாக்குதலும் பொருந்தாது.

ஆதலின், ஒரு திட்டத்தின் வெற்றி பற்றிக் கேள்விப்படுவோர், அப்பிள்ளைகள் யாரோடு ஒப்பிடப்பட்டனர், எத்தனை ஆண்டின் பின் அளக்கப்பட்டனர், வகுப்பினுள் உண்மையில் நடந்தது யாது என வினவுதல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை தவறினால் பிறிதொன்று வாய்க்கும். வறியவர் பிள்ளைக்கோ வாய்ப்பது பெரும்பாலும் ஒன்றே. நான்காம் வயது அதற்கு மீண்டும் வாராது. அவ்வொரு வாய்ப்பை ஆராயாது புகழ்தலும் அவசரப்பட்டு மூடுதலும் அப்பிள்ளைக்கே இழப்பாகும்.