கேளாமல் நீக்கலாமா?

சுயராஜ்யம் என்றவுடன் நம்மவர்க்கு டில்லியும் சென்னைக் கோட்டையும் நினைவுக்கு வருகின்றனவேயன்றித் தம் தெருவின் சாக்கடை நினைவுக்கு வருவதில்லை. குப்பை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, இடுகாடு முதலியவை அற்ப விஷயங்களென்றும், அவற்றைக் கவனிக்கும் நகரசபைகள் அரசியலிற் கடைநிலையில் உள்ளவையென்றும் கற்றவர்களே கருதி வருகின்றனர். இக்கருத்து தவறென்பது நம் துணிபு. பொதுஜன ஸ்தானம் வகிப்பவரை அதிகாரத்திலிருப்போர் ஒரு வார்த்தையும் கேளாமல் நீக்கிவிடலாமா என்னும் பெரிய வழக்கொன்று, நம் தமிழ் நாட்டில், ஒரு முனிசிபாலிடியிலிருந்துதான் கிளம்பிற்று. அவ்வழக்கையும், அது இன்று நம்மை நோக்கி எழுப்பும் கேள்வியையும் நேயர்கள் சிந்தனைக்கு வைக்கின்றோம்.

ஏற்காட்டிற்கு மேலே, கடல்மட்டத்திற்கு 5,300 அடி உயரத்தில், சேர்வராயன் கோயில் இருக்கிறது. அங்குள்ள குகையில் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர். மலைவாழ் மக்களான மலையாளிகள் ஆண்டுதோறும் திரண்டு விழா எடுக்கின்றனர். இம்மலைத்தொடரிற் பிறக்கும் திருமணிமுத்தாறு கீழிறங்கிச் சேலம் நகரின் ஊடே ஓடி, முடிவிற் காவிரியிற் கலக்கின்றது. மலையில் தெளிந்த நீராயிருப்பது நகரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு வெளியேறுகின்றது. ஒரு நகரம் தன்னைத் தானே செவ்வையாக ஆண்டுகொள்கிறதா என்றறிய அதன் சபாமண்டபத்தைப் பார்க்க வேண்டுவதில்லை. ஆறு எப்படி உள்ளே வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று பார்த்தாற் போதும்.

சேலம் முனிசிபாலிடி 1866-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதற்கு முந்திய வருஷத்துச் சென்னை நகர அபிவிருத்திச் சட்டமே அதற்கு அடிப்படை. அச்சட்டத்தின் நோக்கத்தைப் பெயரை மட்டும் கொண்டு மதிப்பிடலாகாது. நகரத்தார் கொடுத்த வரியிற் பெரும்பகுதி போலீஸ் செலவுக்கே போகும்படி அது அமைந்திருந்தது; சாலையும் சுகாதாரமும் மிஞ்சியதைப் பெற்றன. 1871-ஆம் வருஷத்துச் சட்டம் போலீஸ் சுமையை நீக்கிற்றாயினும் ஜில்லா கலெக்டரையே சபைக்குத் தலைவராக வைத்தது. வரி கொடுப்பவர் ஊரார், செலவிடுபவர் உத்தியோகஸ்தர். கோடை வந்தால் உத்தியோகஸ்தர்கள் ஏற்காட்டின் குளிர்ச்சியை நாடி மலையேறினார்கள். சாக்கடை நாற்றம் கீழேயே தங்கிற்று. 1881-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரின் நிலைமை இது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததையும் பார்ப்போம். அமெரிக்காவிலுள்ள சிக்காகோ 1850-இல் முப்பதினாயிரம் ஜனங்களைக் கொண்டிருந்தது. 1880-இல் ஐந்து லக்ஷத்தை எட்டிற்று. சதுப்பான தாழ்நிலத்தில் அமைந்த அவ்வூரிற் கழிவுநீர் ஓடுவதற்குச் சரிவே கிடையாது. வாந்திபேதி வந்து ஊரை வாட்டியபின், 1855-இல் சாக்கடைகளுக்கென ஒரு தனி போர்டு நிறுவினார்கள். செஸ்பரோ என்ற எஞ்சினீயரின் யோசனைப்படி தெருக்களையே பல அடி உயர்த்தினார்கள். பெரிய கட்டிடங்களைத் திருகு இயந்திரங்களால் தூக்கி, அவற்றின் கீழ்ப் புதிய அஸ்திவாரம் இட்டார்கள். கழிவு சென்று கலந்த ஏரியிலேயே குடிநீரும் எடுக்க வேண்டியிருந்ததால், 1867-இல் ஏரியின் அடியில் இரண்டு மைல் தூரம் சுரங்கம் தோண்டி நீர் கொண்டுவந்தார்கள். அதுவும் போதாதென்று கண்டு, 1900-இல் கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசையில் திருப்பினார்கள். இவை யாவும் ஊரார் தம் பணத்தைக் கொண்டு, தாம் தேர்ந்தெடுத்த ஆட்சியின் கீழ்ச் செய்துகொண்டவை.

அமெரிக்க நகரங்களில் ஊழலே இல்லையா என்று சிலர் வினவலாம். நிறைய இருந்தது. நியூயார்க்கில் ட்வீட் என்பவரின் கூட்டத்தார் நீதிமன்றக் கட்டிடம் ஒன்றைச் சாக்கிட்டு நகரப் பணத்தைக் கொள்ளையிட்டது உலகறிந்த செய்தி. ஆனால் அதைக் கண்டு அமெரிக்கர் தேர்தலை நிறுத்திவிடவில்லை. 1871-இல் பத்திரிகைகள் கணக்கை வெளியிட்டன. வோட்டர்கள் அக்கூட்டத்தாரைத் தோற்கடித்தார்கள். ட்வீட் சிறையிலேயே 1878-இல் மாண்டார். ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் தவறினால், அவரை விசாரிப்பதும் மாற்றுவதும் ஜனங்கள் வசமுள்ள காரியம். ஊழலைக் காட்டி உரிமையைப் பறிப்பது நோயைக் காட்டி நோயாளியைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டில் 1882 மே மாதம் 18-ந் தேதி ராஜப்பிரதிநிதி ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். நிர்வாகம் உடனே திறமையடைய வேண்டும் என்பதைவிட, ஜனங்கள் அரசியலில் பயிற்சி பெற வேண்டுமென்பதே அதன் முக்கிய நோக்கம். உத்தியோகஸ்தர் வர்க்கத்தினர் பலருக்கு அது கசந்தது. மூன்று மாதங்கள் கழிவதற்குள், அத்தீர்மானத்தின் உண்மையைச் சோதிப்பதுபோலச் சேலத்தில் ஒரு சம்பவம் நேர்ந்தது.

அவ்வருஷம் ஆகஸ்டில் சேலத்தில் ஹிந்து முஸ்லிம் கலகம் மூண்டது. இரு சமூகத்தாருக்கும் துக்கமே மிஞ்சிய அந்நிகழ்ச்சியை நாம் இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை. அக்காலத்தில் முனிசிபல் சபையில் அங்கத்தினராயிருந்தவர் இளம் வக்கீலான ஸ்ரீமான் சி. விஜயராகவாச்சாரியார். கலகத்தைத் தூண்டினாரென்று அவர்மீது குற்றஞ்சாட்டிப் பத்து வருஷ தண்டனையும் விதித்தார்கள். சென்னை ஹைகோர்ட் அவரைக் குற்றமற்றவரென்று விடுதலை செய்தது. ஆனால் அதற்கிடையில் அவரை முனிசிபல் ஸ்தானத்திலிருந்தும் சர்க்கார் நீக்கியிருந்தனர்.

சிறை நீங்கியது போதுமென்று வேறொருவர் இருந்திருப்பார். ஆச்சாரியார் அப்படியிருக்கவில்லை. தம்மை நீக்கியது செல்லாதென்று இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். தவறு செய்த அங்கத்தினரை நீக்கும் அதிகாரம் சர்க்காருக்குச் சட்டத்தில் உண்டு. அதை ஒருவரும் மறுக்கவில்லை. தவறு இன்னதென்று அவருக்கு அறிவித்து, அவர் சமாதானத்தைக் கேட்காமலே நீக்கலாமா என்பதே கேள்வி. கேளாமல் நீக்கியது செல்லாதென்று 1884-இல் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அவருக்கு நூறு ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது. பணம் சொற்பமே. எனினும் கவர்னரும் அவரது நிர்வாக சபையும் சட்டத்திற்கு உட்பட்டவர்களென்பதை ஒரு முனிசிபல் அங்கத்தினர் நிலைநாட்டிவிட்டார். அவரே பின்னர் 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தாரென்பதை நேயர்கள் அறிவர். தேசத்தலைவருக்குரிய பயிற்சியின் ஒரு பகுதியை அவர் சேலம் முனிசிபாலிடியிற் பெற்றாரென்று நாம் கூறினால் மிகையாகாது.

அதே 1884-ஆம் வருஷத்தில் புதிய ஜில்லா முனிசிபாலிடிச் சட்டம் பிறந்தது. தேர்ந்தெடுக்கப்படும் அங்கத்தினர் தொகை நான்கில் மூன்று பங்கு வரை உயரலாயிற்று; சபை தன் தலைவரைத் தானே தேர்ந்துகொள்ளவும் வழி ஏற்பட்டது. ஊரும் வளர்ந்தது. 1901-இல் ஜனத்தொகை எழுபதாயிரத்தைத் தாண்டிற்று. 1911-இல் பனமரத்துப்பட்டி ஏரி நகரின் தாகத்தைத் தீர்க்க வந்தது. 1917 முதல் 1919 வரை ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் சேர்மனாக இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாக அச்சபையில் அங்கத்தினரானதற்கு அவரே காரணம். தெருவும் குழாயும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, அவற்றை நிர்வகிக்கும் மண்டபத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வியோடு பிணைந்ததென்பதற்கு இது ஒரு சான்று.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1993-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகரசபைகளுக்கு நிலையான இடம் அளித்தது. ஒரு நகரசபையைக் கலைக்குமுன் அது சொல்வதைக் கேட்கத் தக்க சந்தர்ப்பம் கொடுக்க வேண்டுமென்று 243-யு பிரிவு விதிக்கின்றது. சேலத்து ஆச்சாரியார் தமக்கொருவருக்காகப் பெற்ற நியாயம், இந்நாட்டு நகரசபைகள் அனைத்துக்கும் உரிய சாசனமாயிற்று. அப்பிரிவே மற்றொன்றையும் கட்டளையிடுகின்றது. சபையின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்கு முன்னரே புதிய தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும்.

அக்கட்டளைக்கு நேர்ந்த கதி என்ன? 2016 அக்டோபரில் நடக்கவிருந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் தமிழ் நாட்டில் நின்றுபோயிற்று. நகரசபைகளுக்குத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ந் தேதி. இடையிலிருந்த ஐந்து வருஷங்களுக்கு மேல் தனி அதிகாரிகளே ஆண்டனர். 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்த சேலமும், தன் அறுபது வார்டுகளுக்கும் பிரதிநிதியின்றி அக்காலத்தைக் கழித்தது. மலையின்மேல் சேர்வராயனை வணங்கும் கிராமத்தாரின் கதியும் வேறன்று. அவர்களுடைய பஞ்சாயத்துகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் காலம் முடிந்தபோது அடுத்த தேர்தல் வரவில்லை, தனி அதிகாரிகளே வந்தார்கள்.

வார்டு எல்லை வரையறை, இட ஒதுக்கீடு, கோர்ட் வழக்கு எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அவற்றுட் சில மெய்யானவையே. ஒதுக்கீடு சரிவர அமையாமல் நடக்கும் தேர்தல் நீதியாகாதென்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் சபையின் காலம் முடியும் நாள் ஐந்து வருஷங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த நாளாகும். திடீரென்று வரும் வெள்ளமன்று அது. தனி அதிகாரிகளுள் திறமையும் நேர்மையும் உள்ளவர்கள் உண்டு. ஆனால் தெருவில் தண்ணீர் வராத தாய் அவரை வோட்டினால் மாற்ற இயலாது. அவரும் அத்தாயின் வாசலுக்கு வந்து பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். தேர்தலை நிறுத்தி வைப்பது ஓர் அங்கத்தினரை மட்டுமன்றி, ஊர் ஜனங்கள் அனைவரையுமே கேளாமல் நீக்குவதாகும். 1884-இல் அந்நிய சர்க்கார் ஒருவரைக் கேளாமல் நீக்கியதை நியாயஸ்தலம் பொறுக்கவில்லை. நம் சொந்த சர்க்கார்கள், எக்கட்சியினதாயினும், லக்ஷக்கணக்கானவர்களை அவ்வாறு நீக்குவதை நாம் பொறுத்திருப்பது எங்ஙனம்?

பிழை சர்க்காரோடு முடியவில்லை. அவ்வைந்து வருஷங்களில் சட்டசபைத் தேர்தலுக்குக் கூடிய கூட்டத்தில் நூற்றிலொரு பங்கு, நகரசபைத் தேர்தல் வேண்டுமென்று கூடியிருந்தால் நிலைமை வேறாயிருக்கும். ஆகவே தேசத்தொண்டில் நாட்டமுடைய இளைஞர்கட்கு நாம் கூறுவது இது. உங்கள் வார்டின் எல்லையை அறியுங்கள். உங்கள் சபையின் காலம் எந்நாளில் முடிகிறதென்று குறித்து வைத்து, அதற்கு ஒரு வருஷம் முன்னரே தேர்தலைப் பற்றிக் கேளுங்கள். வரிப்பணத்தின் கணக்கைக் கேளுங்கள்; சபை கூடும் நாளில் உங்கள் அங்கத்தினர் என்ன பேசினாரென்று விசாரியுங்கள். நூறு ரூபாய் நஷ்டஈட்டுக்காக அன்றி, கேட்கப்படும் உரிமைக்காக ஒருவர் ஏகாதிபத்தியத்தையே கோர்ட்டுக்கு இழுத்த ஜில்லா இது. அவ்வுரிமையை மறந்தவர்கள் சாக்கடையைப் பற்றி முறையிடுவதில் பயனில்லை.