ஆட்டுக்குத்தானே சினை... பொண்ணுக்கு எப்படி 'சினைப்பை'?

புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்குப் போனால், அடிக்கடி காதில் விழும் சொல் 'சினை'. "சினையா இருக்கா? எத்தனை மாசம்?" என்று கேட்டுத்தான் பெட்டை ஆட்டுக்கு விலை பேசுவார்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், பசுவுக்கு சுமார் 280 நாள். பருவம் பார்த்து மாட்டுக்குப் போடுவதும் 'சினை ஊசி'தான்.

ஆனால், வீட்டுப் பெண்களை அப்படிச் சொல்ல மாட்டோம். 'மாசமா இருக்கா', 'முழுகாம இருக்கா' என்போம். அதனால்தான், ஸ்கேன் பார்த்த டாக்டர் "சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு" என்றதும், கூட வந்த அப்பத்தாவுக்குப் பகீர் என்கிறது. 'கல்யாணம் ஆகாத புள்ளைக்குச் சினையா?'

பயப்படவே வேண்டாம். சினை என்பதற்குப் பழந்தமிழில் உறுப்பு, மரக்கிளை என்றெல்லாம் பொருள் உண்டு. பள்ளியில் படித்த 'சினைப்பெயர்' நினைவிருக்கிறதா? கண், கை, இலை எல்லாம் அதில்தான் வரும். முட்டைக்கும் சினை என்று பெயர். மீன் வாங்கும்போது "சினை இருக்கா?" என்று கேட்கிறோமே, அதேதான். ஆக, சினைப்பை என்றால் முட்டை வளரும் பை. பெண்ணாகப் பிறந்த எல்லோருக்கும் பொதுவாக இரண்டு இருக்கும். குழந்தை வளரும் கருப்பை வேறு, இது வேறு.

அடுத்து, 'கட்டி' என்ற சொல். பி.சி.ஓ.எஸ் பிரச்னையில் ஸ்கேனில் தெரிபவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. முழுதாக வளராத முட்டைகளைக் கொண்ட சின்னச் சின்ன நீர்ப்பைகள். உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பெண்ணுக்கு இந்தப் பிரச்னை இருக்கிறது. உணவு, உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மருந்து மூலம் கட்டுக்குள் வைக்கலாம். இது இருக்கும் பலர் தாயாகியிருக்கிறார்கள். 'இவளுக்குக் குழந்தையே பிறக்காது' என்று ஊர் பேசுவதில் உண்மை இல்லை.

வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் மாதவிடாய் 35 நாள்களைத் தாண்டித் தாண்டி வந்தாலோ, முகத்தில் முடி அதிகமாக வளர்ந்தாலோ டாக்டரைப் பாருங்கள். கூச்சத்தில் தள்ளிப்போடாதீர்கள்.

மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் என்று தேதியை நினைவில் வைத்திருக்கிறோம். மகளின் தேதியையும் காலண்டரில் குறிக்கலாமே!