இரவுப் பணி தாதியருக்குப் பகல் தூக்கம் அவசியம்

மருத்துவமனைகளில் இரவுப் பணி பெரும்பாலும் இரவு 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 7 மணிக்கு முடிகிறது. வீடு திரும்பும் தாதியர் பகலில் படுத்தால், "இந்த நேரத்தில் என்ன தூக்கம்?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு.

அது சோம்பல் அல்ல. இருளில் சுரக்கும் மெலடோனின் தூக்கத்தைத் தருகிறது. பகல் வெளிச்சம் அதைத் தடுக்கிறது. அதனால் பகல் தூக்கம் குறைவாகவே அமைகிறது.

பிற்பகல் 2 மணிக்கு எழுந்து பணிக்குச் செல்பவர், காலை 7 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்நிலையில் கவனம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குக் குறையக்கூடும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. மருந்தின் அளவில் தவறு நேரலாம். மோட்டார் சைக்கிளில் கண் அயரலாம்.

பணிக்குக் கிளம்பும் முன் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். விடியற்காலை 3 மணிக்குப் பிறகு காப்பியைத் தவிர்ப்பது நல்லது. தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டி ஓட்டாமல், வீட்டாரை அழைத்துச் செல்லச் சொல்லலாம்.

குடும்பத்தாரும் திரைச்சீலையை மூடி, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, பிள்ளைகளைக் கவனித்துக் கொள்ளலாம். பயிற்சித் தாதியருக்கும் இதே ஆதரவு தேவை.

மன உளைச்சல் தொடர்ந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 எண்ணில் அழைக்கலாம்.