பூ கொட்டுதா? செடியைப் பிடுங்காதீங்க!
கணியம்பாடி வெயிலில் வீட்டு மிளகாய்

கணியம்பாடி,-

ஒரு காலத்தில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையோடு நாலு பச்சை மிளகாயும் கொசுறாகப் பையில் விழும். இப்போது கொசுறு கேட்டால் கடைக்காரர் முறைக்கிறார்!

"நாமே ரெண்டு செடி வெச்சா என்ன?" என்று கிளம்புகிறவர்கள் பலர். பாதியிலேயே கைவிடுகிறவர்களும் பலர்.

செடி தளதளவென்று வளரும். வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மறுநாள் பார்த்தால் பூவெல்லாம் தரையில்!

"கண்ணு பட்டுடுச்சு", "மலட்டுச் செடி" என்று பிடுங்கி எறிந்து விடுகிறார்கள். குற்றம் செடி மேல் இல்லை. வெயில் மேல்!

35 டிகிரிதான் எல்லை

ஜவ்வாது மலை பக்கத்தில்தான். ஆனால் மலைக்குளிர்ச்சி கணியம்பாடிக்கு வருவதில்லை. வேலூர் வட்டாரத்தில் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சகஜம்.

மிளகாய்ப் பூவோ 35 டிகிரியைத் தாண்டினாலே உதிரத் தொடங்கும். இரவும் புழுங்கினால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, சித்திரை, வைகாசியில் பூ கொட்டினால் பயப்படாதீர்கள். மத்தியான வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் தணிந்ததும் அதே செடி புதுக் கிளை விட்டுக் காய்க்கும். நன்றாகக் கவனித்தால் மிளகாய்ச் செடி ஒரு வருஷத்துக்கு மேலும் நிற்கும்.

எந்த மாதம் விதைப்பது?

பூக்கும் மாதத்தைக் கணக்குப் போட்டு விதைக்க வேண்டும். விதைத்த சுமார் 40-ம் நாள் நாற்றைப் பிடுங்கி நடலாம். பூக்க இன்னும் 40 நாள் ஆகும்.

தை மாதம் விதைத்தால், பூ வரும்போது சரியாக வெயில் வந்து நிற்கும். ஆனி, ஆடியில் விதைத்தால் புரட்டாசி வாக்கில் பூக்கும். மழையும் துணைக்கு வரும்.

எந்த விதை?

அஞ்சறைப் பெட்டி வற்றலில் உள்ள விதையும் முளைக்கலாம். ஆனால் பழசானால் ஏமாற்றிவிடும். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச் செடி போலக் காய்க்காது.

அக்கம்பக்கத்தில் நன்றாகக் காய்க்கும் நாட்டுச் செடி இருந்தால், செடியிலேயே பழுத்த பழம் ரெண்டு கேட்டு வாங்குங்கள். நிழலில் உலர்த்தி விதை எடுங்கள். அந்தக் கையைக் கண்ணில் வைத்து விடாதீர்கள்! காரம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்.

செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து, கால் அங்குல ஆழத்தில் விதையைப் போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாளில் முளை எட்டிப் பார்க்கும். தண்ணீர் தேங்கினால் நாற்று அடி அழுகிச் சாயும். ஜாக்கிரதை!

இலை சுருண்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்கலாம்.

விதை தந்த பெருமை

2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் நம்ம வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் கிடைத்தது. இரண்டுமே தலைமுறை தலைமுறையாக உழவர்கள் விதை எடுத்து வைத்துக் காப்பாற்றிய ரகங்கள்.

உங்கள் வீட்டிலும் அதைச் செய்யலாம். காய்ப்பதில் திடமான காய் ரெண்டைப் பறிக்காமல் பழுக்க விடுங்கள். அடுத்த ஆடிக்கு விதை அதுதான்.

அப்புறம் கடையில் கொசுறு கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்கு நீங்களே கொசுறு கொடுக்கலாம்!